ரெண்டு கதவு வண்டி

டிங்கரை ஏலக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே அவருடைய மச்சினன்தான். பின்னால் வீட்டில் நடந்த சண்டையில், "என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்" என்று அவன் எத்தனை தடவை சொன்னான் என்று கணக்கில்லை.

சனிக்கிழமை பழைய கார்கள் ஏலம். முப்பது வண்டிகளை மூன்று நாள் முன்னதாகவே பார்வைக்கு நிறுத்தியிருந்தார்கள். புதன்கிழமை காலையில் தண்ணீர் கேன் வைத்த தள்ளுவண்டி ஒன்று பச்சை நிற ரெண்டு கதவு வண்டியின் இடது மட்கார்டில் இடித்துவிட்டது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி. விவரப் புத்தகத்தின் அட்டையில் படம் போட்டிருந்ததே அந்த வண்டியைத்தான். மேனேஜர் குதித்தார். அங்கே வண்டிகளைச் சோதித்துச் சான்று எழுதித் தரும் வேலையில் இருந்த மச்சினன், "எங்க அத்தான் இருக்கார் சார். பெயின்ட் உதிராம எடுத்துடுவார்" என்று ஓடி வந்தான்.

வீட்டுக்கு முன்னால்தான் டிங்கரின் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் அவர் தகடு தட்டுவார். எதிர்ப்பக்கம் அவர் மனைவி கார் சீட் தைப்பாள். தெருவில் அவளுக்குக் குஷன் அக்கா என்றுதான் பெயர். அம்மா அப்பா போன பிறகு தம்பியை ஒன்பது வயதிலிருந்து வளர்த்தவள். மாடியில் இருந்த ஒற்றை அறை அவனுக்கு. சட்டைப்பையில் எந்நேரமும் பேனா குத்தியிருப்பதால் அவனைப் 'பேனா' என்று கூப்பிடுவார்கள். படித்தவன், வெயிலில் நிற்காத வேலைக்குப் போனவன் என்று அக்காவுக்கு உள்ளூரப் பெருமை.

டிங்கர் வண்டியின் பக்கத்தில் துணியை விரித்து உட்கார்ந்தார். சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்து மட்கார்டின் உள்பக்கத்தைத் தடவினார். குழி எங்கே முடிகிறது என்று விரலால் தேடியவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே சுத்தியல் தழும்புகள் இருந்தன. மூன்று மூன்றாக. ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு அடி உண்டு. மூன்று அடி அடித்துவிட்டு ஒரு மூச்சு விடுவது அவருடைய கை. தகட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மட்கார்டை மடியில் போட்டுக்கொண்டு நாலு மாதம் தட்டியிருக்கிறார். அன்று பூச்சில்லாத வெறும் தகடாகப் போன வண்டி, இந்தப் பச்சையில் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை.

எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். முன்னால் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தார். 'இவ்வகை வண்டிகளில் இன்று உலகில் மிஞ்சியிருப்பவை ஆறு. அவற்றில் இது ஒன்று. உடல்தகடு, உள்பூச்சு, இருக்கைகள் யாவும் தொழிற்சாலையில் அமைத்தபடியே உள்ளன.' கீழே, பரிசோதித்தவர் என்ற இடத்தில் மச்சினனின் கையெழுத்து, வாலை நீட்டிக்கொண்டு.

"நீங்கதான் டிங்கரா?"

மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை, பளபளவென்று தேய்த்த ஷூ. கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடம் திறந்ததிலிருந்து அந்த வண்டியை விட்டு நகரவில்லை என்று மச்சினன் வரும்போதே சொல்லியிருந்தான்.

"ஆமாங்க."

"உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். இது எங்க அப்பா வண்டி. வெறுமனே இதே மாதிரி வண்டின்னு சொல்லல. இதே நம்பர். எனக்கு ஏழு வயசு இருக்கும்போது டாஷ்போர்டு பெட்டியோட மூடிக்கு உள்பக்கம் ஆணியால என் முதல் எழுத்தைக் கீறி வச்சேன். அப்பா விட்டார் பாருங்க ஒரு அறை, இன்னிக்கும் காது ஞொய்னு இருக்கு. அந்தக் கீறலைத்தான் தேடுறேன். காணோம்."

டிங்கர் கீழே கிடந்த துணியை எடுத்து உதறி மறுபடி விரித்தார்.

"தேச்சுப் பெயின்ட் அடிச்சிருப்பாங்களோ?"

"இருக்கலாம்ங்க."

"உள்பூச்சு பழசுன்னு போட்டிருக்கே?"

"அது... நாளாவட்டத்துல மறைஞ்சிருக்கும்ங்க."

கேப்டன் தலையை ஆட்டினார். நம்பவேண்டும் என்று முடிவு செய்துகொண்ட மனிதரின் தலையாட்டல். டிங்கர் குழியை எடுத்தார். பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கை வியர்த்து வியர்த்துக் கருவி நழுவியது. வேடிக்கை பார்த்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "அந்த வளைவைப் பாருங்க. அந்தக் காலத்து வேலை. இப்ப எவனுக்கு வரும்?" என்றார். கேட்டதும் டிங்கருக்கு உள்ளே என்னவோ துள்ளியது. அதை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டார்.

சாயங்காலம் மச்சினன் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, அந்தப் பச்சை வண்டி நான் செஞ்சது."

"எது?"

"அதான், உலகத்துல ஆறே ஆறு இருக்குன்னு எழுதினியே. பல் டாக்டர் ஒருத்தர் நாலு கதவு வண்டி ஒண்ணு கொண்டுவந்து ரெண்டு கதவா மாத்திக் கொடுன்னார். வெட்டி, கூரையை இறக்கி, எல்லாத் தகடும் புதுசா அடிச்சேன். சீட் உங்க அக்கா தைச்சது. நீ அப்ப வெளியூர்ல படிச்சிட்டிருந்த."

மச்சினன் சட்டைப் பித்தானில் வைத்த கையை எடுக்கவில்லை. "விளையாடாதீங்க அத்தான்."

"விளையாடுற மூஞ்சியா இது?"

குஷன் அக்கா தட்டில் சோற்றைப் போட்டு முட்டையை உரித்து வைத்தாள். காற்று இல்லாமல் வீடு வெந்துகொண்டிருந்தது. நாலு நாளாக வானம் கறுத்து நின்றது. ஒரு சொட்டு விழவில்லை.

"பல் டாக்டர் போய்ச் சேந்துட்டார்" என்றான் மச்சினன். "இப்ப விக்கிறது அவர் மருமகன். பழைய காகிதமெல்லாம் கொண்டுவந்து காட்டினான். நம்பர் சரியா இருந்துச்சு. தகட்டுல பட்டி பூசி மறைச்ச இடம் இல்ல, வெல்டிங் தழும்பு இல்ல. நான் வேற என்னத்தைப் பாக்க?"

"தழும்பு தெரியாம இழைச்சது நான்டா."

"அப்ப தப்பு யார்மேல? கண்டுபிடிக்க முடியாதபடி செஞ்சது யாரு?"

"நல்லா செஞ்சதுக்கு என்னைக் குத்தம் சொல்றியா? நான் அசல்னு எங்கயாவது எழுதிக் கொடுத்தேனா? எழுதினது நீ!"

"நம்பர் தகட்டை யாரு அடிச்சது?" என்றாள் குஷன் அக்கா.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் டிங்கர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார்.

"சொல்லுங்க. டாக்டர் ஒரு டப்பாவில போட்டு எடுத்துட்டு வந்தாரே, வேற வண்டியோட நம்பர் பொறிச்ச பித்தளைத் தகடு. பழைய இரும்புக் கடையில கிடைச்சதுன்னாரே. ராத்திரி கரன்ட் போயி, நான் டார்ச் பிடிச்சேன், நீங்க நாலு ரிவெட் அடிச்சீங்க. நினைப்பிருக்கா?"

"அவர் ஆசைக்குத்தானே... நான் உயிரோட இருக்கிறவரைக்கும் விக்கமாட்டேன், அழகுக்குத்தான் அப்படின்னார்."

"சொன்ன சொல் தவறல மனுஷன். உயிரோட இருக்கிறவரைக்கும் விக்கலையே" என்றாள். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய பேச்சு. யாரும் சிரிக்கவில்லை. மச்சினன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போனான். விடிகிறவரை அவன் நடக்கிற சத்தம் கூரையில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் டிங்கருக்கு வேலை ஓடவில்லை. ஒரு வேன் கதவை நேராக்க எடுத்தவர் அடிக்குமேல் அடியாக அடித்துத் தகட்டையே இளக்கிவிட்டார். தொட்டால் டப்பா மூடி மாதிரி 'டொக் டொக்' என்று உள்ளேயும் வெளியேயும் போய்வந்தது. வாழ்நாளில் அவர் அப்படிச் செய்ததில்லை. சுத்தியலை வீசிவிட்டு வெளியே போய் டீ குடித்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

"ஏன் இப்படிக் குட்டி போட்ட பூனையாட்டம் அலையுறீங்க?" என்றாள் குஷன் அக்கா.

"அந்த மனுஷன் ஆணிக் கீறலைத் தேடிக்கிட்டிருக்கார்டி. மறைஞ்சிருக்கும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் மெஷினை நிறுத்தினாள். நூலை அறுத்தாள். தலையைச் சீவிக்கொண்டு, சாப்பாட்டு டப்பா ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஏலக்கூடத்துக்கு நடந்தாள். வாசலில் காவலுக்கு நின்றவரிடம் "தம்பிக்குச் சாப்பாடு" என்றாள். விட்டுவிட்டார்.

மதிய நேரம். கூடத்தில் கூட்டம் இல்லை. கேப்டனின் நாற்காலி காலியாக இருந்தது. தம்பி அவளைப் பார்த்ததும் வேகமாக வந்தான்.

"இங்க ஏன்க்கா வந்த?"

"பின்சீட்டைத் தூக்கு."

"அக்கா, ஆளுங்க பாக்குறாங்க."

"சான்று எழுதினவன்தானே நீ? தூக்கிப் பாக்க உனக்கு இல்லாத உரிமையா? தூக்கு."

அவன் வண்டிக்குள் குனிந்து பின்சீட்டின் அடிப்பலகையை நெம்பினான். அது எளிதாக வந்தது. அவள் அதைத் திருப்பிக் காட்டினாள். ஸ்பிரிங்குக்கும் பஞ்சுக்கும் நடுவே கொடுத்த அடித்துணி தெரிந்தது. நீலக் கட்டம் போட்ட பழைய போர்வை. ஒரு மூலையில் இங்க் கொட்டிய கறை.

அவன் கறையையே பார்த்தான். பள்ளிக்கூடத்துக் காலத்தில் அந்தப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு எழுதிப் பேனாவை உடைத்தவன் அவன்தான்.

"அன்னிக்கு அடித்துணி பத்தல. இதைப் போட்டுத் தைச்சேன்" என்றாள். "நீ தூக்கிப் பாத்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். கண்டுபிடிக்க முடியலன்னியே. நீ தேடல."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சான்று எழுதின அன்னிக்கு ஒரே நாள்ல பதினோரு வண்டி பாக்கணும்க்கா. மேனேஜர் பின்னாலயே நின்னு முடி முடின்னார்."

"போயி நீயே சொல்லு. அடுத்தவங்க சொல்லித் தெரியிறதுக்கு முன்னாடி நீ சொல்லிடு."

சொன்னான். அதை மறுப்பதற்கில்லை. மேனேஜர் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னான். அத்தான் ரிவெட் அடித்ததை மட்டும் விட்டுவிட்டான்.

மேனேஜர் விவரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "அடியில பொடி எழுத்துல என்ன இருக்கு? 'விவரங்கள் நல்லெண்ணத்தில் தரப்பட்டவை. வாங்குபவர் தாமே சோதித்துத் திருப்தி அடைய வேண்டும்.' அவங்கதான் பாத்து வாங்கணும்."

"அவங்க நம்ம கையெழுத்தைப் பாத்துத்தானே சார் வாங்குறாங்க?"

"நம்ம இல்ல. உன் கையெழுத்து."

வெள்ளிக்கிழமை காலையில் அட்டையின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. 'இருக்கைகள் பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம்.' அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை டிங்கர் தானே கேப்டனைப் பார்க்கப் போனார். வேலை முடிந்த ஆளுக்கு உள்ளே வேலை இல்லை என்று காவலாள் தடுத்துவிட்டார். வெளியே புழுதிக் காற்றில் இரண்டு மணி நேரம் நின்றார். கேப்டன் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார். அன்று வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. குஷன் அக்கா ஒரே தையலை மூன்று முறை பிரித்தாள். மச்சினன் மாடிப்படியில் இறங்கி வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, திரும்பி ஏறினான்.

"நாளைக்கு அவர் கை தூக்கிட்டா எல்லாம் முடிஞ்சுதுடி" என்றார் டிங்கர்.

"நீங்க வாயைத் திறந்தா அவன் வேலை போயிடும். உங்களையும் விசாரிப்பாங்க."

"அப்ப திறக்க வேண்டாங்கிறியா?"

அவள் பிரித்த தையலை மெஷினிலிருந்து உருவி மடியில் போட்டாள். "அது எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். "என்கிட்ட கேக்காதீங்க. அவன் என் தம்பி."

சனிக்கிழமை டிங்கர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். பையைப் பார்த்த காவலாள் வேலைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டார். கூடம் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு வண்டியாக மேடைக்குத் தள்ளி வந்தார்கள். பச்சை வண்டி வந்தபோது விளக்கை அதன்மேல் திருப்பினார்கள். இருநூறு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். அழகாகத்தான் இருந்தது. அதைச் செய்தவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

கேப்டன் முதல் வரிசையில் இருந்தார். ஏலம் தொடங்கியதும் ஏல எண் எழுதிய தன் அட்டையைத் தூக்கினார். மற்றவர்கள் தூக்குவதும் இறக்குவதுமாக இருக்க, அவர் இறக்கவே இல்லை.

"ஐயா, நிறுத்துங்க" என்றார் டிங்கர்.

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்தினார். "நிறுத்துங்க! அந்த வண்டிய நான் செஞ்சேன்!"

எங்கேயோ சிரிப்பு எழுந்தது. "ஃபேக்டரியிலயா வேலை பாத்தீங்க?" என்றது ஒரு குரல்.

"இல்லைங்க. என் கொட்டகையில. எட்டு வருஷம் முன்னாடி. நாலு கதவு வண்டிய ரெண்டு கதவாக்கினேன். மட்கார்டுக்கு உள்ள கையை விட்டுப் பாருங்க, மூணு மூணா அடி இருக்கும். நம்பர் தகடு இந்த வண்டியோடது இல்ல. அதை அடிச்சதும் நான்தான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டரின் மருமகன் எழுந்து, "எனக்கு என்னங்க தெரியும்? மாமனார் சொன்னதை நான் சொன்னேன்" என்றான். மேனேஜர், "எங்களுக்குச் சான்று எழுதினவர் இருக்கார்" என்று ஓரத்தில் கை காட்டினார். எல்லோரும் மச்சினனைப் பார்த்தார்கள். அவன் சட்டைப்பைப் பேனாவைத் தொட்டுக்கொண்டு, "எனக்குக் கொடுத்த காகிதத்தை வச்சு எழுதினேன்" என்றான்.

கேப்டன் அட்டையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி டிங்கரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி என்று ஒன்று துளியும் இல்லை.

வண்டியை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு இரண்டு முறை கொட்டகைக்குப் போலீஸ்காரர்கள் வந்தார்கள். டிங்கர் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். டாக்டரும் இல்லை, தகட்டை விற்ற இரும்புக் கடையும் இல்லை, வழக்கு நகரவில்லை. அசல் வண்டி எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். மச்சினனை மேனேஜர் திங்கட்கிழமையே நிறுத்திவிட்டார்.

அவன் வீட்டை விட்டுப் போகவில்லை. வீட்டோடு பேச்சை மட்டும் விட்டான். மாடியில் ஒரு ஸ்டவ் வாங்கி வைத்துக்கொண்டான். முட்டை தீய்கிற வாசனை தினமும் கீழே வரும். குஷன் அக்கா தட்டில் சோற்றை மூடி மாடிப்படியில் வைப்பாள். மூடியது மூடியபடி திரும்பும். "உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சிருப்பேன். எல்லார் முன்னாலயும் என் மானத்தை வாங்கிட்டார்" என்று தெருமுனையில் யாரிடமோ சொன்னானாம். "மூணு நாள் டயம் இருந்துச்சே, என்னத்தை முடிச்சான்?" என்றார் டிங்கர். ஆனால் அவராலும் அந்தத் தட்டைப் பார்க்கமுடியவில்லை.

நாற்பது நாள் இப்படிப் போயிற்று. ஒரு காலை நேரம், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கொட்டகை வாசலில் குடை ஒன்று வந்து நின்றது. கேப்டன்.

டிங்கர் எழுந்து கையைத் துடைத்தார். "வாங்க. உக்காருங்க."

"உக்கார வரல." குடையை மடக்கிக்கூட வைக்கவில்லை. "ஒரு மாசமா அலையுறேன். ஏலக்காரன்கிட்ட போனா சான்று எழுதினவனைக் கேளுன்றான். வித்தவன்கிட்ட போனா செத்தவரைக் கேளுன்றான். வக்கீல்கிட்ட போனா, நீங்க இன்னும் வாங்கவே இல்லையே, உங்களுக்கு என்ன நஷ்டம்னு கேக்குறார். என்ன நஷ்டம்னு எனக்குச் சொல்லத் தெரியல. நான் யார்கிட்டய்யா கோபப்படுறது?"

"என்கிட்ட படுங்க" என்றார் டிங்கர். "நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகமாட்டேன்."

கேப்டன் ஒரு கணம் திகைத்தார். பிறகு ஆரம்பித்தார்.

"கீறலைக் கேட்டப்ப உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்ங்க."

"மறைஞ்சிருக்கும்னு சொன்னியே! மூஞ்சியைப் பாத்துச் சொன்னியே! மூணு நாள், மூணு முழு நாள், ஒரு கிழவன் அந்தப் பெட்டி மூடியைத் தொறந்து தொறந்து பாத்துட்டு உக்காந்திருந்தேன். லென்ஸ் வாங்கிட்டு வந்து தேடினேன். சின்ன வயசுல நான் கீறவே இல்லையோன்னு, எனக்குத்தான் மூளை குழம்பிடுச்சோன்னு பயந்தேன். அப்பா அடிச்சதே பொய்யோன்னு நினைச்சேன்டா நான்!"

டிங்கர் தலையைக் குனிந்துகொண்டார். குஷன் அக்கா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கேப்டனின் பின்னால் போட்டாள். அவர் பார்க்காமலே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே திட்டினார். கப்பலில் பழகிய குரல். தகரக் கூரையில் மழைச் சத்தத்தையும் மீறி அது தெருவரைக்கும் போயிற்று. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. குஷன் அக்கா டீயை வைத்தாள், அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி திட்டினார். ரிவெட் அடித்த கையைப் பற்றி, பொய் சொன்ன வாயைப் பற்றி, இத்தனை திறமையை இதற்கா கற்றுக்கொண்டாய் என்பதைப் பற்றி. டிங்கர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஆமாங்க, ஆமாங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மச்சினன் இறங்கி வந்தான். சவரம் செய்யாத முகம், கசங்கிய பனியன். கொட்டகைக்குள் வந்து, யாரையும் பார்க்காமல், அத்தானுக்குப் பக்கத்தில் தோள் உரச நின்றான்.

கேப்டன் பாதியில் நிறுத்தினார். "நீ யாரு?"

"கையெழுத்துப் போட்டவன்ங்க."

"காகிதத்தை வச்சு எழுதினேன்னு சொன்னவன்தானே?"

"ஆமாங்க. அதுவும் பொய்தான். பின்சீட்டைத் தூக்கிப் பாக்காம போட்டேன்." அவன் குரல் உடைந்தது. "இவரை மட்டும் திட்டாதீங்க. என் பங்கை எனக்குக் கொடுங்க."

குஷன் அக்கா கதவோரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். மழை வலுத்தது. கேப்டன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த குடையை மடக்கி நாற்காலியில் சாய்த்து வைத்தார். மீதி டீயைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மச்சினனுக்காக முதலிலிருந்து ஆரம்பித்தார்.